வாங்கிய பிஸ்டல் மக்கர் பண்ணினால்: வேலூர்ப் பக்கத்து உரிமதாரர்கள் கேட்கும் கேள்விகள்

ராணுவத்தில் ஆர்மரராக இருந்து, துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டியே வயதைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஊர் கம்மவான்பேட்டைப் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் இடம். ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் ஒரு ஆயுதக் கடையிலும் வேலை பார்த்தேன். அதனால் தற்காப்புக்கு லைசென்ஸ் வாங்கிய வியாபாரிகள், காவல் வேலைக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினர், அப்பாவின் துப்பாக்கியை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் என்று பலர் கேட்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அவற்றையே இங்கே எழுதி வைக்கிறேன்.

புதுப் பிஸ்டல் சார், மூன்று ரவுண்டுக்கு ஒரு தடவை சிக்குகிறது. கம்பெனிக் கோளாறுதானே?

இருக்கலாம். ஆனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் தோட்டா, மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), உங்கள் கை, இந்த மூன்றையும் பாருங்கள். என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிட்டன.

நம் நாட்டில் சாதாரண உரிமத்தில் கிடைக்கும் பிஸ்டல் பெரும்பாலும் .32, அதாவது 7.65 மி.மீ. 9 மி.மீ. நமக்குத் தடை செய்யப்பட்ட ரகம். இந்த .32 பிஸ்டல் தோட்டா அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் 1899 வாக்கில் வடிவமைத்தது. அதன் அடிப்பக்க விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரிவால்வர் தோட்டா அளவுக்கு இல்லை, ஆனால் நகம் வைத்துத் தடவினால் தெரியும். மேகசினில் அடுக்கும்போது மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம், எவ்வளவு வேகமாக வந்தாலும் மேல் தோட்டா நகராது. பார்ப்பவர் "பிஸ்டல் சிக்கிவிட்டது" என்பார். பிஸ்டல் மேல் குற்றமே இல்லை, அடுக்கியதில்தான் குற்றம். ஒவ்வொரு தோட்டாவையும் மேகசினின் பின்சுவர் வரை தள்ளி உட்கார வைத்துப் பழகுங்கள்.

அடுத்தது மேகசின். இரண்டு மேகசின் இருந்தால் அடியில் 1, 2 என்று பெயின்டில் குறியுங்கள். எப்போதும் 1-லேயே சிக்கினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. மேல்வாயின் இரண்டு உதடுகள் ஒரு நூல் வளைந்தாலும் தோட்டா தவறான கோணத்தில் ஏறும். கீழே விழுந்த மேகசினை நான் நம்பவே மாட்டேன்.

மூன்றாவது மணிக்கட்டு. ஸ்லைடு முழுதாகப் பின்னுக்குப் போக, பிஸ்டலின் உடல் அசையாமல் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் உடலும் சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடு பாதி வழியில் திரும்பிவிடும், காலி கேஸ் (வெடித்த தோட்டாவின் கூடு) வெளியே போகாமல் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். நீங்கள் சுட்டால் சிக்கி, பயிற்சி உள்ள இன்னொருவர் ரேஞ்சில் சுட்டால் சிக்கவில்லை என்றால், வாரன்டி கார்டை உள்ளேயே வையுங்கள்.

எண்ணெய் என்ன போடுவது?

தேங்காய் எண்ணெய் வேண்டாம். சிரிக்காதீர்கள், வாரத்துக்கு ஒருவராவது போட்டுக்கொண்டு வருகிறார். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழி விடியலில் நம் ஊரில் அதைவிடக் குளிர்கிறது. சித்திரையிலோ வெயில் 40-ஐத் தாண்டும், எண்ணெய் உருகி, தோட்டாவின் அடியில் அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் இறங்கும், தூசியோடு சேர்ந்து பசையாகும். பின் மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காது. "தோட்டா டம்மி சார்" என்று புகார் வரும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு போதும். இன்னொன்று, புதுப் பிஸ்டலில் தொழிற்சாலை தடவி அனுப்பும் கெட்டியான கிரீஸ் துருவைத் தடுக்கத்தான். அதை முழுக்கத் துடைத்து எடுத்த பிறகே சுட வேண்டும்.

.32 என்று எழுதிய பெட்டி வாங்கினேன், மேகசினில் போகவே இல்லையே?

அது ரிவால்வர் தோட்டா. ரிவால்வருக்கு வருவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், நீளமும் அதிகம், விளிம்பும் பெரிசு. பிஸ்டலுக்கு வருவது குட்டை. உரிமத்தில் இரண்டும் .32 என்றே இருக்கும். கடையில் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், துப்பாக்கியைக் காட்டிக் கேளுங்கள்.

அமெரிக்காவில் 200 ரவுண்டு சுட்டுப் பார்த்த பிறகுதான் பிஸ்டலை நம்புவார்களாமே?

ஆமாம். புது ஸ்பிரிங், புது உரசல் பரப்பு எல்லாம் பழக அது தேவை. நமக்கு அது நடக்காது. ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது, விலையும் கடிக்கும். இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. பத்து ரவுண்டு சுட்டுவிட்டு பீரோவில் வைத்தவர் "என்னுடையது ஒருநாளும் சிக்கியதில்லை" என்பார். ஐம்பது சுட்டவர் "எனக்குக் குப்பையைக் கொடுத்துவிட்டார்கள்" என்பார். இரண்டு பேச்சையும் நம்பி பிஸ்டல் வாங்கவோ தள்ளவோ முடியாது.

முடிந்த வரை வாங்கிய சில வாரங்களுக்குள், ரைபிள் கிளப் ரேஞ்சில், உங்கள் கணக்கில் கணிசமான பங்கைச் சுட்டுவிடுங்கள். வாரன்டி இருக்கும்போதே கோளாறு வெளியே வரட்டும். மாந்தோப்பு, ஏரிக்கரை, கல்யாண வீடு எதுவும் ரேஞ்ச் ஆகாது. கொண்டாட்டத்துக்குச் சுட்டால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சுட்டேன், வெடிக்கவில்லை. உடனே ஸ்லைடை இழுக்கலாமா?

இழுக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடி அரை நிமிடம் காத்திருங்கள், சில தோட்டா தாமதமாக வெடிக்கும். பிறகு எடுத்து, அடிப்பக்கம் பின் விழுந்த குழியைப் பாருங்கள். குழி ஆழமாக இருந்தால் குற்றம் பெரும்பாலும் தோட்டாவில், லேசாக இருந்தால் துப்பாக்கியில். வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, 'புஸ்' என்று வந்தால் அதோடு நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

தோட்டா வந்த பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் லாட் எண் (எந்தத் தொகுப்பில் செய்தது என்று காட்டும் எண்) இல்லாமல் தோட்டா பற்றிய புகார் நிற்காது.

வாரன்டி கார்டில் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை மாதம், எந்த நாளிலிருந்து, அனுப்பும் செலவு யாருடையது, ஸ்பிரிங்கும் மேகசினும் சேருமா. இவ்வளவுதான். கடை முத்திரையும் துப்பாக்கியின் வரிசை எண்ணும் கார்டில் ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்த கார்டைப் பிறகு திருத்த நான் பட்ட பாடு போதும்.

கூரியரில் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாமா?

கூடவே கூடாது. மிக்ஸி, கிரைண்டர் மாதிரி பார்சல் கட்டுகிற பொருள் இல்லை இது. வாரன்டி என்ற சொல்லின் அர்த்தமே நம்மிடம் மாறிப்போவது இந்த இடத்தில்தான். தொழிற்சாலை இலவசமாகச் சரிசெய்யத் தயாராக இருந்தாலும், துப்பாக்கி அங்கே சட்டப்படி போய்ச் சேர வேண்டுமே!

வழி இதுதான். வாங்கிய டீலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், அவர் வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே நேரில் கொண்டுபோவதானால் உரிமம் எந்த எல்லை வரை செல்லும் என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், கான்பூருக்கோ கொல்கத்தாவுக்கோ போகும் ரயிலில் துப்பாக்கியோடு ஏறும் முன் உரிமம் தந்த அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். கையிலிருந்து துப்பாக்கி போகும்போது வரிசை எண், தேதி, என்ன கோளாறு, கூடக் கொடுத்த மேகசின் எத்தனை, எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள். தோட்டாவைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஸ்டேஷனிலிருந்து யாராவது "துப்பாக்கி எங்கே?" என்று கேட்டால் காட்ட அந்த ரசீது ஒன்றுதான் இருக்கும்.

இதையெல்லாம் யோசித்துத்தான் வாங்கும்போதே சொல்வேன், பத்து நாள் அலைந்தாலும் பழுதுபார்க்க உரிமம் உள்ள டீலரிடம் வாங்குங்கள் என்று. ஐயாயிரம் குறைவாகத் தருகிறார் என்று எங்கோ வெளி மாநிலத்தில் வாங்கியவர்தான் பிறகு என் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

அப்பாவுக்கு 78 வயது, உரிமம் அவர் பெயரில். சத்துவாச்சாரியிலிருந்து பழுதுக்கு நான் கொண்டுபோகலாமா?

போகலாம். 1959 ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவிலேயே இதற்கு இடம் இருக்கிறது. உரிமதாரர் கூட இருந்தாலோ, அவர் எழுத்துப்பூர்வமாக அதிகாரம் கொடுத்தாலோ, உரிமம் இல்லாதவரும் பழுதுபார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். வெள்ளைத்தாளில் அப்பா கையெழுத்து, உங்கள் பெயர், ஆதார் எண், துப்பாக்கி எண், எந்தக் கடைக்கு, எந்தத் தேதியில் என்று எழுதி, அசல் உரிமத்தோடு எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில். வழியில் டீக்கடையில் நிறுத்தி நண்பர்களுக்குக் காட்டும் வேலையெல்லாம் வேண்டாம் தம்பி.

பக்கத்து லேத் பட்டறையில் ஒரு பின் கடைந்து போட்டால் முடிகிற வேலைதானே?

முடியும். கைவேலையில் நம் ஆட்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும் என்கிறது சட்டத்தின் 5-ஆம் பிரிவு. உரிமம் இல்லாத பட்டறைக்காரரையும் கேஸில் இழுத்து விடுவீர்கள். வாரன்டியும் அந்த நிமிடமே செத்துவிடும்.

கம்பெனி பழசை வாங்கிக்கொண்டு புதுசு தருகிறேன் என்கிறது. நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் வரிசை எண் மாறும். உரிமத்தில் இருக்கும் எண் ஒன்று, இடுப்பில் இருக்கும் எண் வேறு என்றால் அது உரிமம் இல்லாத துப்பாக்கிதான். பழசைத் திரும்பப் பெற்றதற்கான கடிதம், புதுசுக்கான ரசீது, இரண்டையும் வைத்து உரிமத்தில் திருத்தம் ஆன பிறகே புதுசை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஒருவருக்கு இப்போது இரண்டு துப்பாக்கிதான், 2019-க்கு முன்பு மூன்று. ஏற்கெனவே இரண்டு இருப்பவர் இந்த மாற்றத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

என் உரிமம் பழைய வேலூர் மாவட்டத்தில் எடுத்தது. நான் இருப்பது ஆம்பூர். எங்கே போவது?

2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டை. இப்போது நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம்தான் உங்களுக்கு. 1989-ல் வட ஆற்காடு பிரிந்தபோதும் இதே குழப்பம் இருந்ததாக மூத்தவர்கள் சொல்வார்கள். உரிமத்தில், துப்பாக்கி உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி எண் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்பி வந்ததும் துரு. இதை வாரன்டியில் கேட்கலாமா?

கேட்கலாம், தர மாட்டார்கள். துரு என்பது பராமரிப்புக் குறை என்றே எல்லாக் கார்டிலும் இருக்கும். இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்களுக்கு அனுபவம் ஜாஸ்தி. 2019 மக்களவைத் தேர்தல் நமக்கு மட்டும் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் நடந்தது. எனக்குத் தெரிந்த ஒருவரின் பிஸ்டல் அந்தச் சமயத்தில் தோல் உறையோடு ஸ்டேஷன் அலமாரிக்குப் போய்த் திரும்பியது. ஸ்லைடு முழுக்கப் பொரிப் பொரியாகத் துரு. ஸ்டேஷன் மேல் தப்பில்லை, தோல் உறையில் வைத்ததுதான் தப்பு. தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். தோலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நமக்கே இது தெரியவில்லை! உறையிலிருந்து எடுத்து, குழலுக்குள்ளும் எண்ணெய் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுங்கள். ஒப்படைக்கும்போது இருக்கும் நிலையைப் படம் எடுத்து, ரசீதிலும் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், கம்பெனியே லேபிள் அனுப்பும், இரண்டு வாரத்தில் சரியாகி வீட்டுக்கு வரும் என்கிறாரே?

அங்கே உண்மை. பழுதுக்காக உரிமையாளர் நேராகத் தயாரிப்பாளருக்கு அனுப்பலாம், அவரும் நேராக வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். அதனால் அங்கே கம்பெனிகள் சேவையில் போட்டி போடுகின்றன. ரூகர் கம்பெனி எழுத்தில் வாரன்டியே தருவதில்லை. 1975-ல் வந்த வாரன்டிச் சட்டம், தந்தால் இன்னின்ன மாதிரி தர வேண்டும் என்கிறதே தவிர தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். அப்படியும் அவர்களின் பழுது சேவைக்கு நல்ல பெயர். கார்டு இருப்பதும் சேவை இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் மச்சான் சொல்லாத பக்கமும் உண்டு. அங்கே பொம்மையில் கோளாறு என்றால் அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறச் சொல்லலாம். துப்பாக்கிக்குச் சொல்ல முடியாது. 1972-ல் அந்த ஆணையத்தை அமைத்த சட்டமே துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டது. அதனால் கம்பெனி மனசு வைக்க வேண்டும், அல்லது கோர்ட்டுக்குப் போக வேண்டும். சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டல் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்ததும், 2017 ஆகஸ்டில் கம்பெனி இலவசமாக மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது. அறிவிப்பில் 'ரீகால்' என்ற சொல் இல்லை, 'விருப்பத்தின் பேரில் மேம்பாடு' என்றார்கள். பிரேசிலின் டாரஸ் பிஸ்டல்கள் ஒன்பது மாடலில் இதே மாதிரி புகார் எழுந்து, அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் பிஸ்டல்களைத் தொட்ட வழக்கு சமரசத்தில் முடிந்தது.

நமக்கு அரசுத் தொழிற்சாலைதானே, அவர்கள் மேல் புகார் எடுபடுமா? ஆர்ட்னன்ஸ் போர்டே கலைந்துவிட்டது என்கிறார்களே?

அரசின் ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திய அந்த வாரியம் 2021 அக்டோபர் 1-ல் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. துப்பாக்கி செய்யும் கான்பூர், இஷாப்பூர், காசிப்பூர், நம் திருச்சி தொழிற்சாலை எல்லாம் கான்பூரைத் தலைமையாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ். தோட்டா செய்வது புனேயின் மியூனிஷன்ஸ் இந்தியா. பழைய பில்லில் பழைய பெயர் இருந்தாலும் புகாரை இவர்களுக்கே எழுதலாம். துப்பாக்கிப் புகாரைத் தோட்டாக்காரருக்கும், தோட்டாப் புகாரைத் துப்பாக்கிக்காரருக்கும் அனுப்பி மூன்று மாதம் வீணடித்தவர்கள் உண்டு.

காசு கொடுத்து வாங்கியவர் நுகர்வோர். அரசு நிறுவனம் விற்றால் அது மாறாது. டீலரும் கம்பெனியும் பதில் சொல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கான்பூருக்கு ஓட வேண்டாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கோளாறு உண்மையா என்று பார்க்க ஆணையமே பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அதனால் வழக்கு முடியும் வரை அந்தப் பிஸ்டலை யாரையும் பிரிக்க விடாதீர்கள்.

புகாரில் "துப்பாக்கி சரியில்லை" என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். "இந்தத் தேதியில், ரேஞ்சில், இந்த லாட் தோட்டாவில் 40 சுட்டேன், 7 முறை காலி கேஸ் வெளியே வரவில்லை, ஏழும் இரண்டாவது மேகசினில்" என்று எழுதுங்கள். எந்த இன்ஜினியரும் அதைத் தள்ள முடியாது.

இவ்வளவு வம்பு எதற்கு, ரிவால்வரே வாங்கிவிடலாமா?

வருஷத்துக்குப் பத்து ரவுண்டு சுடுபவர் என்றால் என் ஓட்டு ரிவால்வருக்குத்தான். மேகசின் உதடு, ஸ்லைடு, கேஸ் வெளியே தள்ளுவது என்ற பாதிப் பிரச்சினை அதில் கிடையாது. ஆபத்து நேரத்தில் ஒன்று வெடிக்கவில்லையா, மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். 2014-ல் வந்த நிர்பீக் மாதிரி எடை குறைந்ததும் கிடைக்கிறது. ஆனால் ரிவால்வர் கெட்டால் வீட்டில் சரிசெய்யும் கோளாறாக இருக்காது. எதை வாங்கினாலும் விலையோடு வரியையும் கேளுங்கள். பிஸ்டல், ரிவால்வர் இரண்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம்.

தாத்தா காலத்து வெளிநாட்டுப் பிஸ்டல். அந்தக் கம்பெனிக்கு எழுதினால் உதிரிபாகம் வருமா?

வராது. உதிரிபாகமும் சட்டத்தின் கண்ணுக்கு ஆயுதம்தான், இஷ்டத்துக்கு இறக்குமதி செய்ய முடியாது. உரிமம் உள்ள பழைய டீலர்கள் சிலர் பாகம் செய்து தருவார்கள். ஆனால் எண்பது வருஷ ஸ்பிரிங்கை நம்பி அதை இடுப்பில் செருகாதீர்கள்.

நேரில் கொண்டுவந்து காட்டட்டுமா சார், ஒரு நிமிடம் பாருங்களேன்?

வேண்டாம். பழுது பார்க்கும் உரிமம் இப்போது என்னிடம் இல்லை. காலி கேஸை எடுத்து வாருங்கள், அடிப்பக்கக் குழியைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவேன். ரேஞ்சில் சிக்கியபோது எடுத்த வீடியோ இருந்தால் மீதியையும் சொல்கிறேன். பிஸ்டல் மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.